உன் வாள்வீச்சு மோசமில்லை

எண்களைக் கண்டால் முகம் சுளித்து, எதையும் சொல்லால் மட்டுமே அளக்கிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. தராசைக் கையில் கொடுத்தாலும் ஓரமாக வைத்துவிட்டு, பையைத் தூக்கிப் பார்த்து "கொஞ்சம் கனம்" என்பார்கள். வெளியே மைனஸ் முப்பது டிகிரிக் குளிர் அடிக்கும். "லேசா குளிருது" என்பார்கள். இந்த இனத்தில் கலப்படமில்லாத மாதிரி ஒன்று வேண்டுமா? பின்லாந்தில், ஊலு நகரத்தில், ஓஸ்மோ ரௌதியோ இருக்கிறார்.

ஓஸ்மோ இணையத்தில் ஒரு விளையாட்டு நடத்துகிறார். படம் கிடையாது, ஓசை கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டினால், குகை வந்துவிட்டதாகத் திரை எழுதிக் காட்டும். மற்ற விளையாட்டுகளில் உங்கள் வீரனின் பலம் பதினேழு, வேகம் இருபத்திரண்டு என்று மளிகைச் சீட்டு மாதிரி வரும். ஓஸ்மோவுக்கு அது அநாகரிகம்.

"ஒரு மனுஷனப் பார்த்து, உன் தைரியம் பதினாலுன்னு யாராவது சொல்வாங்களா?"

ஆகவே ஏழு சொற்கள், ஏழு படிகள். கீழ்ப்படியில் 'இருக்கிறது'. அதற்கு மேல் 'தாங்கலாம்', பிறகு 'ஒப்பேற்றலாம்' என்று ஏறி, ஆறாவதில் 'குறையில்லை', உச்சியில் 'மோசமில்லை'. இதைத் தீர்மானிக்க அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. வரிசையை மனைவி ரைலியைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. கணினியின் வயிற்றுக்குள் ஓடுவதென்னவோ எண்கள்தான். அதை இளமையில் செய்த குற்றம் போல மறைத்து வைத்திருக்கிறார். விளையாடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? குகையில் திரியும் எலிகளில் நானூறை ஒவ்வொன்றாக வெட்டி, எத்தனையாவது எலியில் சொல் மாறுகிறது என்று பட்டியல் போட்டார்கள். மறுநாளே ஓஸ்மோ எலிகளை ஒழித்துவிட்டார்.

ஆட்கள் கரைந்து நான்கு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ஓஸ்மோ. இன்னொருவர் அவருடைய மைத்துனர், நடுச்சண்டையில் தூங்கிவிடுவார். விளையாட்டையே மூடிவிடலாமா என்று ஓஸ்மோ நினைத்திருந்தபோது, இத்தாலியிலிருந்து கிராட்சியெல்லா என்கிற பெண் பதினொரு தோழர்களோடு வந்து சேர்ந்தாள். யாரும் நெருங்காத பனி நாகத்தை எட்டே மாதத்தில் தனியாளாக வீழ்த்தினாள். தன் திறமை என்ன என்று திரையைக் கேட்டாள்.

"உன் வாள்வீச்சு மோசமில்லை."

பதினெட்டு ஆண்டுகளில் யாருக்கும் கிடைக்காத சொல். ஓஸ்மோவுக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. அவளுக்கு?

"மோசமில்லையா? எட்டு மாசமா உயிரை விட்டிருக்கேன் தலைவரே. ஞாயித்துக்கிழமைக்குள்ள என் நம்பர் என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா பன்னெண்டு பேரும் கிளம்புறோம்."

பன்னிரண்டு பேர் போனால் மிச்சம் மைத்துனரின் குறட்டைதான். சனிக்கிழமை நீராவிக் குளியலறையில், வியர்க்க விறுவிறுக்க, ரைலியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நீதான் முதல் ஆளுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலையேன்."

"முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது, ரைலி?"

"எனக்கே இருபத்தாறு வருஷமா சொல்லல. நான் எந்தப் படி?"

"உன்கிட்ட குறையில்ல."

"அது ஆறாவது படி, ஓஸ்மோ. லிஸ்ட டைப் அடிச்சுக் குடுத்ததே நான்தான்."

வாளியில் இருந்த தண்ணீர் முழுவதையும் சூடான கற்களின் மேல் கொட்டினாள். ஓஸ்மோ வெளியே ஓடிவந்து பனியில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கணினி முன்னால் உட்கார்ந்தார். 'பிரமாதம்' என்று அடித்தார். காது சிவந்தது. அழித்தார். 'அருமை'க்கும் அதே கதி. அவளுடைய எண்ணையே சொல்லிவிடலாமா என்று முதல் இலக்கத்தை அடித்தார், அதையும் அழித்தார். கடைசியில் ஒரே மூச்சில் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கு மேல படி கிடையாது."

கிராட்சியெல்லாவிடமிருந்து பதில் வந்தது. "அப்ப நான்தான் உச்சியிலயா?"

"இல்லன்னு சொல்றதுக்கில்ல."

அவள் போகவில்லை. பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். ஓஸ்மோ தப்பித்தார், தொற்று பரவிவிட்டது. போன மாதம் கிராட்சியெல்லாவின் தங்கை, கல்யாண உடையில் எடுத்த படத்தை அனுப்பி, எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். நெஞ்சு நிறைந்துபோய் அக்கா தன்னிடமிருந்த உச்சிச் சொல்லை எழுதி அனுப்பினாள். மூன்று வாரமாகத் தங்கை போனை எடுக்கவில்லை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நின்றபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்களே. அந்த "ம்" எத்தனையாவது படி? அது அவர்களுக்குத் தெரியுமா?