கார் நின்ற இடத்தில் காடு

அக்கவுண்டன்ட்டின் புதுக் கார்மேல் இன்றைக்கும் காக்கை எச்சம். இரண்டு தெரு தள்ளி, யார் வீட்டு வாசலிலோ அநாதையாக நின்றது, பாவம்.

எல்லாம் அவர் மனைவியின் கைங்கரியம். குடியிருப்புக்குப் பின்னால் அவர் ராஜா மாதிரி கார் நிறுத்திக்கொண்டிருந்த காலி மனையில், பறவைக்கும் பூச்சிக்கும் காடு வளர்க்கப்போகிறேன் என்று சங்கத்தில் அனுமதி வாங்கிவிட்டாள். நாட்டு மரக்கன்றுகள் நட்டாயிற்று, காட்டுப்பூ விதை தூவியாயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் காடு தேறாவிட்டால் மனை மறுபடி காருக்கு என்பது சங்கத்தின் நிபந்தனை. தேறிவிட்டால் காருக்குத் தெருதான் கதி.

"வெறும் புல்லுதான் முளைக்குது. தேறாதும்மா," என்றார், சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை பால்கனியில் யாரிடமோ போனில் புலம்பினாள். ஹாலில் இருந்தவர் காதில் கணீரென்று விழுந்தது.

"புல்லோட சேர்த்து மேல்மண்ணை யாராவது சுரண்டிட்டா நம்ம கதை கந்தல்!"

மறுநாள் விடியற்காலையில் அக்கவுண்டன்ட் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். இடுப்பு கழன்றுபோனது. வாட்ச்மேன் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, ரொம்ப நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில வாரங்களில், புல்லின் தொல்லை ஒழிந்த மண்ணில், அடியில் தங்கியிருந்த விதைகள் முளைத்து மனை முழுக்கத் தும்பை பூத்தது. வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்தன.

"பாத்தீங்களா! புல்லுதான் அமுக்கி வெச்சிருந்திருக்கு. தானா போயிடுச்சு!"

"ஆமாமா, தானா," என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த போன். "நடுவுல யாராவது பள்ளம் தோண்டிட்டா தண்ணி தேங்கிடும். எல்லாம் அழுகி நாசமா போயிடும்!"

தோண்டினார். கையெல்லாம் கொப்புளம், ஆபீசில் பேனா பிடிக்க முடியவில்லை. மழை பெய்து பள்ளம் குளமாயிற்று. தவளை வந்தது. தவளையைத் தேடிக் கொக்கு வந்தது. கொக்கைப் பார்க்கக் குடியிருப்பே வந்தது.

"உங்களுக்கு ஏங்க மூஞ்சி இப்படிப் போகுது? சந்தோஷப்படுங்க!"

"படுறேனே!"

மூன்றாவது போன். "பட்டுப்போன கட்டையை யாராவது கொண்டுவந்து கொட்டினா கரையான் வந்துடும். கன்னுங்க காலி!"

அக்கவுண்டன்ட் துணிந்துவிட்டார். காற்றில் விழுந்து கிடந்த கட்டைகளைத் தன் செல்லக் காரிலேயே ஏற்றிவந்து கொட்டினார். சீட் கிழிந்தது. கட்டைக்குள் வண்டு குடியேறியது. வண்டைக் கொத்த ஜோடியாக மரங்கொத்தி வந்து சேர்ந்தது. என்ன ஜென்மமடா இது என்று அவருக்கு வெறுத்துப்போயிற்று.

மழைக்காலம் முடிந்தது. சங்கத் தலைவர் வந்து சுற்றிப் பார்த்து உருகிவிட்டார்.

"இனிமே இது நிரந்தரமா காடுதான். கார், கீர்னு யாரும் வாயைத் திறக்கக்கூடாது!"

அக்கவுண்டன்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மனைவிதான் பலமாகத் தட்டினாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மண்ணு வெட்ட சங்கம் ஆள் தர மாட்டேங்குதேன்னு நான்தான் சார் கவலைப்பட்டேன், அதுக்கு அம்மா, 'வீட்டுலயே ஒருத்தர் இருக்கார், எதைச் செய்யக்கூடாதுன்னு நான் போன்ல கத்துறேனோ அதைக் கரெக்டா செய்வார், நீ அந்தப் பக்கம் உம் கொட்டினா போதும்'னுட்டாங்க!"