குழாயடியில் ஒரு ஸ்டூல்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஸ்பேனர் தமது ஏழாவது பொய்யைச் சொன்னார்.

"முதியோர் இல்லத்துல லிஃப்ட் மறுபடியும் நின்னுடுச்சு."

"ஐயோ பாவம்," என்றாள் மனைவி, எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிராமல். "எந்த மாடியில?"

ஆறு வாரமாக அவள் கேட்காத கேள்வி. ஸ்பேனர் தயாராக இல்லை.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"ஒரு தாத்தா."

"அங்க ஒரு பெரியவர் தொங்கிட்டு இருக்காரு, நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரிட்டு இருக்கீங்களே! ஓடுங்க!"

ஓடினார்.

ஸ்பேனர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். லிஃப்ட் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேரைப் பத்திரமாக மேலே ஏற்றிவிட்டவர். சொந்த வாழ்க்கையில் மட்டும் தரைத்தளத்தைத் தாண்டவில்லை. காரணம், மனைவி. நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள். தண்ணீர்த் தொட்டி முதல் தபால் பெட்டி வரை அவள் உத்தரவில்லாமல் எதுவும் அசையாது. ஸ்பேனருக்கு அந்தக் கட்டடத்தில் 'செயலாளர் வீட்டுக்காரர்' என்று பெயர். வீட்டில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. மூன்று வருடமாக அதில் புகார்க் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை எழுந்திருக்கும் அறிகுறி இல்லை. வேலையிலோ, நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் உச்சியில் நிற்க வேண்டும்.

ஆக, உலகத்தில் ஸ்பேனர் உட்கார இடமில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மழை நாளில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பீர்க்கடைக்குள் ஒதுங்கினார். பாட்டில் வாங்கி விற்கும் கடை அல்ல. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயர எஃகுத் தொட்டிகளை வைத்து அவர்களே காய்ச்சுகிறார்கள். முன்னால் பன்னிரண்டு குழாய்கள். குழாய்க்கு ஒரு ரகம். ஸ்பேனரின் கண் எந்தக் குழாயிலும் படவில்லை. முதல் குழாயை ஒட்டிப் போட்டிருந்த உயரமான ஸ்டூலில் பட்டது. அதன் முதுகில் யாருடைய பெயரோ பொறித்த பித்தளைத் தகடு. கடையில் நிற்க இடமில்லை. அந்த ஸ்டூல் மட்டும் காலியாக இருந்தது.

"அது யாருதுங்க?"

"போன வருஷம் ஜெயிச்சவரு சீட்டு," என்றார் கடைக்காரர். மார்பு வரை தாடி வைத்திருந்ததால் அவரை எல்லோரும் தாடி என்றே அழைத்தார்கள். "வருஷத்துக்கு ஒரு போட்டி. பன்னிரண்டுல ஏதாவது ஆறைச் சின்ன கிளாஸ்ல ஊத்திக் குடுப்போம். எந்தக் குழாய்னு சொல்லணும். ஆறும் சரியா இருந்தா ஸ்டூல் ஒரு வருஷத்துக்கு உங்களுது. நீங்க வராத நாள்லகூட அதுல யாரும் உக்கார முடியாது."

தாம் இல்லாதபோதும் தமக்காகக் காத்திருக்கும் ஒரு நாற்காலி! ஸ்பேனருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் வாரம் இரண்டு குழாய் என்று ஆறு சனிக்கிழமை பாடம் படித்தார். பரிசோதகருக்குப் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் அலுவலகப் படிவத்தில்தான் எழுத வரும். கையோடு கார்பன் வைத்த பரிசோதனைப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவருக்கு விரல் அரிக்கும். 'குழாய் எண் 3. நிறம்: வைக்கோல். நுரை: இரண்டு விரல் உயரம், நான்கு நிமிடம் நின்றது. வாசனை: கனிந்த வாழைப்பழம். குறைபாடு: இல்லை. பயன்பாட்டுக்குத் தகுதியானது.' இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டு, மேல் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். தம் கட்டடத்து மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் ஒளிந்து மனப்பாடம் செய்வார்.

போட்டிக்கு முந்தின புதன்கிழமை மட்டும் ஒரு சின்னச் சலசலப்பு.

"ஏங்க, நம்ம லிஃப்ட்ல வாழைப்பழ வாசனை வருமா?"

"யாராவது சீப்போட ஏறியிருப்பாங்க."

"கருகின காப்பி வாசனை?"

"அது மோட்டார் சூடு. பாத்துடறேன்."

போய் ஒரு மணி நேரம் மோட்டாரைப் பிரித்து மாட்டினார். ஒரு கோளாறும் தென்படவில்லை. நிம்மதியாக வந்து படுத்தார்.

இதோ, போட்டி நாள். ஆறு மணிக்குக் கடையில் கூட்டம். பேர் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து தோற்றார்கள். நாலு கிளாஸ்வரை தாக்குப்பிடித்த பல் டாக்டர் ஐந்தாவதில் விழுந்தார். ஸ்பேனர் முறை வந்தது. முதல் கிளாஸ்: "மூணு." சரி. அடுத்து "எட்டு", "ஒண்ணு", "பன்னிரண்டு", "அஞ்சு". எல்லாம் சரி. கூட்டம் கை தட்டியது. ஸ்பேனர் ஸ்டூலைப் பார்த்தார். ஸ்டூல் அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆறாவது கிளாஸை வாயில் வைத்தார். அதே நொடியில் வாசல் கதவு திறந்தது.

"எந்தக் குழாய்?" என்றார் தாடி.

"என் பொண்டாட்டி!" என்றார் ஸ்பேனர்.

"அப்படி ஒரு ரகம் நாங்க காய்ச்சறது இல்லீங்களே."

"இல்லீங்க, அது வந்து..."

"முதல்ல சொன்ன பதில்தான் கணக்கு. தப்பு. அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் அவள்தான். கையில் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் நீலக் கோப்பு.

"வியாழக்கிழமையே போன்ல பேர் குடுத்திருக்காங்க," என்றார் தாடி, பட்டியலைப் பார்த்து.

"நீ இங்க எங்க வந்தே?" என்றார் ஸ்பேனர், குரல் எங்கோ இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு.

"தாத்தா எப்படி இருக்காரு?"

"எந்தத் தாத்தா? ஓ... இறங்கிட்டாரு."

"நல்ல வேளை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

முதல் கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். நுரையின் பக்கத்தில் விரலை வைத்து அளந்தாள். ஒரு தடவை முகர்ந்தாள். கீழே வைத்தாள்.

"ஏழு."

சரி. அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஐந்து முடிந்தது. ஒரு சொட்டுகூட உதட்டில் படவில்லை. ஆறாவது கன்னங்கரேல் என்று வந்தது. கரிய ரகம் அந்தக் கடையில் இரண்டு. பழகிய நாக்கே தடுமாறும். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

"ஒன்றரை நிமிஷத்துல நுரை அடங்கிடுச்சு. பதினொண்ணு. ஒன்பதா இருந்தா நாலு நிமிஷம் நின்னிருக்கும்."

சரி!

பல் டாக்டர் எகிறினார். "அந்தம்மா குடிக்கவே இல்லையே!"

"குடிக்கணும்னு விதியில எங்க இருக்கு, காட்டுங்க," என்றாள் அவள்.

தாடி விதிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். 'குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும்' என்றுதான் அதில் இருந்தது. ஸ்டூலை அவரே துடைத்துக் கொடுத்தார்.

அவள் ஏறி அமர்ந்து, ஒரு எலுமிச்சை ஜூஸ் சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்தாள். உள்ளே ஆறு இளஞ்சிவப்புத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பேனரின் கையெழுத்து, அலுவலக முத்திரை, 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்பு.

கார்பனுக்கு அடியில் இருக்கும் தாள் அது. திங்கள்தோறும் புத்தகம் அலுவலகத்துக்குப் போகும். குமாஸ்தா அந்தத் தாளைக் கிழித்து, முத்திரை குத்தி, மேலே எழுதியிருக்கும் கட்டட முகவரிக்குத் தபாலில் அனுப்புவார். படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முகவரிக் கட்டத்தைக் காலியாக விட ஸ்பேனருக்கு மனசு வரவில்லை. பீர்க்கடை முகவரியை எழுதத் தைரியம் வரவில்லை. கைக்கு நன்றாகப் பழகிய ஒரு முகவரியை அது பாட்டுக்கு எழுதியிருந்தது: 'செயலாளர், குடியிருப்போர் சங்கம்.'

"முதல் தாள் வந்தப்ப நம்ம லிஃப்ட்டுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சுன்னு பதறிட்டேன். 'கசப்பு தொண்டை வரை நிற்கிறது'ன்னு போட்டிருந்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"புகார் வந்த உடனே யாராவது கேப்பாங்களா? கோப்பு சேர வேண்டாமா? ஆறாவது தாள்ல நீங்களே எழுதிட்டீங்க, 'சனிக்கிழமை போட்டி, ஸ்டூல் நமக்கே'ன்னு. பன்னிரண்டு குழாய் இருக்கற கடை எதுன்னு மூணு போன் போட்டேன். அவ்வளவுதான்."

ஸ்பேனர் ஒரு தாளை எடுத்துத் தம் கையெழுத்தையே பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லணுங்க. அவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க. பீர் வாசனையே தெரியாத எனக்குக்கூடப் புரிஞ்சுது."

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய அறிக்கையை ஒருவர் முழுதாகப் படித்துப் பாராட்டியது அதுவே முதல் முறை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். வரவில்லை.

"நானும் உக்காரட்டுமா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஓர் இருக்கையும் காலி இல்லை.

"பின்னாடி நில்லுங்க. உங்களுக்குத்தான் நின்னு பழக்கமாச்சே."

நின்றார். நின்றபடியே ஒரு மூன்றாம் எண் வாங்கிக் குடித்தார். இனி பொய் சொல்லாமல் வரலாம் என்பது ஒரு லாபம்தானே என்றுகூடத் தோன்றியது.

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு அந்தக் கடையில் வாடிக்கையாளர் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் குழாயடி ஸ்டூல்காரர் ஒருமனதாகச் செயலாளர் ஆனார். சங்கத்தின் முதல் தீர்மானப்படி, கடைக்குள் நின்றுகொண்டு குடிப்பது தடை செய்யப்பட்டது.