அத்தான் எடுத்த வெள்ளச் சேதப் படங்கள்

நான் எதையும் ஆராயாமல் வாங்கியவன் இல்லை. ஒரு குடை வாங்குவதற்குப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டவன். (பதினொரு நாளும் மழை. நனைந்துகொண்டேதான் ஆராய்ந்தேன்.) இப்படிப்பட்ட நிதானஸ்தன் ஒரே பகலில் மைத்துனன் குடும்பத்தின் ஒரு போகத்தை ஏறக்குறைய கைவிட்டுப் போகச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். டைரியில் மணி, நிமிஷத்தோடு இருக்கிறது.

தஞ்சாவூரில் பத்திரம் எழுதுவது என் தொழில், படம் எடுப்பது பொழுதுபோக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய கேமராவும் அதோடு சேர்ந்து வந்த லென்ஸும் இருந்தன. இரண்டில் ஒன்றைப் புதிதாக வாங்கலாம் என்ற நிலை வந்தது. பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா? பாடி என்பது படத்தைப் பதிவுசெய்கிற பெட்டி. அது புதிதானால் நிறமெல்லாம் துலங்கிவிடும். லென்ஸ் அதன் கண். அது புதிதானால் நாம் குறிபார்க்கிற பொருள் மட்டும் கூர்மையாக நிற்கும், பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெய் போல உருகிவிடும்.

எட்டு மாதம் யோசித்தேன். டைரியில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் பாடி, அந்தப் பக்கம் லென்ஸ் என்று மதிப்பெண் போட்டுவந்தேன். மாதக் கடைசியில் கூட்டினால் இரண்டும் சமமாகவே வரும். (ஒரு மாதம் லென்ஸ் அரை மதிப்பெண் முந்தியது. கூட்டல் பிழை.)

என் மனைவி வசந்தி ஒருநாள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னையப் பாத்துச் சரின்னு சொல்ல ஒங்களுக்கு ஒரு மத்தியானந்தான் ஆச்சு. இந்தப் பொட்டிக்கு எட்டு மாசமா?"

அந்த மத்தியானம் எனக்கு டைரி எழுதும் பழக்கம் இல்லை என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

கேமராக் கடை ஜமால் பாய் என்னைவிடச் சலித்துப்போயிருந்தார். புதுப் பாடி ஒன்றையும் புது லென்ஸ் ஒன்றையும் இரண்டு நாள் வாடகைக்குக் கொடுத்து, ஒரே இடத்தில் இரண்டையும் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதைவிடக் கெஞ்சினார் என்பதே சரி.

அன்று சாயங்காலமே வசந்தியின் தம்பி சேகரிடமிருந்து போன் வந்தது. முத்துப்பேட்டை போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவன் ஊர். மார்கழி கடைசி. கதிர் பழுத்து அறுப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாலு நாள் விடாத மழை. மூன்று ஏக்கர் சம்பாவும் படுத்துவிட்டது. மேலே தண்ணீர், அடியில் நெல் முளைவிட ஆரம்பித்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் அம்மாவுக்கு அடுத்தடுத்து நாலு ஊர். எல்லா வயலுக்கும் உடனே வர முடியாது, ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், சேதம் தெரிகிற வயலைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் மேலே போய்விடும். அதில் பேர் இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை. நிவாரணம் இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கு விதையும் இல்லை, உழவும் இல்லை. சேகரின் செல்போனோ மழையில் நனைந்து, அரிசி டப்பாவுக்குள் படுத்திருந்தது. தன் மனைவி மல்லிகாவின் செல்லில் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் அவள் போனிலிருந்து அழைத்தான்.

"செல்லுல எடுத்து மானத்த வாங்காத. நான் வர்றேன்" என்றேன்.

இந்த இடத்தில் என் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது குறைந்ததே இல்லை.

மறுநாள் காலை 10.40க்கு வரப்பில் நின்றேன். சேகரும் இன்னும் இரண்டு பேரும் வடிவாய்க்கால் பக்கம் மண்ணை வெட்டித் தண்ணீரை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், படத்தை நானே நேராக அந்த அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மதகுக் கட்டையின் மேல் துண்டை விரித்துக் கேமராக்களை வைத்தேன்.

முதலில் புதுப் பாடி. அழுகி வெளுத்துப்போன பயிரைக் காட்டினால் அது பொன்னாகத் திருப்பிக் கொடுத்தது. சாம்பல் வானத்தை நீலமாக்கியது. டைரியில் 'நிறம்: பத்துக்குப் பத்து' என்று எழுதினேன். பிறகு பழைய பாடியில் புது லென்ஸ். தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கதிரைத் தேடிக் கண்டுபிடித்தேன். (மூன்று ஏக்கரில் அப்படி நின்றது அது ஒன்றுதான். கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று.) அதன் ஒரு மணியில் பச்சை முளை, முளையின் நுனியில் ஒரு சொட்டு, சொட்டுக்குள், மேகம் விலகின நொடியில் எட்டிப் பார்த்த சூரியன். பின்னால் கிடந்த வெள்ளம் மொத்தமும் உருகி மஞ்சள் பட்டுப்போல விரிந்தது. 'பின்னணி: பத்துக்குப் பத்து.'

மறுபடியும் சமம்.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் மிகச் சிறந்த எட்டைப் பொறுக்கி, ஒன்றே முக்காலுக்கு அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். வசந்திக்கும் ஒன்று அனுப்பினேன். அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். கால் மணி நேரத்தில் துபாயில் இருக்கும் அவள் சித்தப்பா மகன், முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துச் சொல்லி, சேகர் இந்த வருஷம் அள்ளிவிட்டான் போலிருக்கிறதே என்று எழுதியிருந்தான். அதை நான் படத்துக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றே காலுக்கு மல்லிகாவின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சேகர் இடுப்புவரை சேற்றோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"மல்லிகா, படம் பாத்தேம்மா" என்றார் அந்த அம்மா. "நல்லாத்தானே இருக்கு பயிரு? தண்ணியவே காணோம். ஒங்க பேர எடுத்துரட்டா? நெசமாவே மூழ்குனவங்க நெறைய பேரு இருக்காங்க."

விளக்கம் சொல்லவேண்டியது என் கடமை என்று போனை வாங்கினேன்.

"மேடம், தண்ணி இருக்கு. பின்னணியில கரைஞ்சிருக்கு."

"கரைஞ்சிருக்கா?"

"லென்ஸ் அப்படி மேடம். அதோட சிறப்பே அதுதான்."

"பயிரு பொன்னாட்டம் இருக்கே?"

"அது பாடியோட சிறப்பு."

அந்த அம்மா நான் யார் என்று கேட்டார். சேகரின் அத்தான், தஞ்சாவூரில் பத்திர எழுத்தர் என்றேன். (இதைச் சொன்னால் மதிப்புக் கூடும் என்று எண்ணினேன்.)

"பத்திரம் எழுதறவரா? நான்கெல்லை போடாம ஒரு பத்திரம் எழுதிருக்கீங்களா சார்?"

"இல்லை மேடம்."

"இந்தப் படத்துல எது கெழக்கு, எது மேற்கு? இது எந்த ஊரு வயல்னு நான் எழுதறது?"

இருபத்தாறு வருஷமாக வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை என்று எழுதிச் சாப்பிடுகிறவன் நான். என் எட்டுப் படத்திலும் ஒரு வரப்புகூட இல்லை. அவர் கோபப்படவில்லை, ஐந்துக்குள் வேறு படம் வந்தால் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். சேகர் கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"மழை அழிச்சத, ஒரே நாள்ல வெளைய வச்சிட்டீங்களே அத்தான்."

மல்லிகாதான் முதலில் நகர்ந்தாள். போனைத் துடைத்துக்கொண்டு வரப்பின் மேல் ஏறி நின்றாள்.

"அண்ணே, எறங்குங்க."

"நானா?"

"தண்ணி எவ்வளவு நிக்கிதுன்னு தெரியவேணாமா? எறங்குங்க. அந்த எல்லைக் கல்லு பக்கமா."

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு இறங்கினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அழுகின கதிரில் ஒரு பிடியைப் பிடுங்கித் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பினேன், அப்படியே இருக்கச் சொன்னாள். கேமராப் பையைத் தலையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு அவள் செல்லைத் தூக்கிக் குறிபார்த்தாள். விரிசல் விட்ட திரையுள்ள அந்தச் செல்லில் நாலு படம் எடுத்தாள். படம் சற்றுச் சாய்ந்திருந்தது, ஒரு மூலையில் அவள் விரல். எல்லைக் கல், மோட்டார் கொட்டகை, படுத்த பயிர், தண்ணீர், நான், எல்லாம் ஒரே படத்தில் அடங்கியிருந்தன.

4.20க்கு அனுப்பினாள். 4.35க்குப் பதில் வந்தது. பேர் சேர்த்தாயிற்று, தண்ணீரில் நிற்கிற விவசாயியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, தைரியம் சொல்லுங்கள்.

சேகர் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். முதல் இரண்டு முறை பேர் சேர்ந்ததற்காக. மூன்றாவது முறை விவசாயிக்காக. வரப்பில் உட்கார்ந்து அவன் சிரித்த சிரிப்பில் வடிவாய்க்கால் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா நேரில் வந்து பார்த்தார், நிவாரணமும் வந்தது. அதனால்தான் இதை என்னால் நகைச்சுவையாக எழுத முடிகிறது.

ஜமால் பாயிடம் இரண்டையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். எது நன்றாக இருந்தது என்று ஆவலோடு கேட்டார். இரண்டும் அளவுக்கு மீறி நன்றாக இருந்தன, அதுதான் பிரச்சினை என்றேன். பழைய பாடி போதும் என்று வைத்துக்கொண்டு, லென்ஸ்தான் வாங்கினேன். ஆனால் அது வேறு லென்ஸ், வயலின் நாலு மூலையையும் அடக்குகிற அகல லென்ஸ். முடிவெடுக்க நாலு நிமிஷம் ஆயிற்று.

குடும்பத்தில் அன்றிலிருந்து எனக்கு ஒரு சக்தி இருப்பதாகப் பேச்சு. குழந்தைக்குக் காய்ச்சலா, அத்தானைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொல், தேவலையாகிவிடும். கூரை ஒழுகுகிறதா, அத்தான் எடுத்தால் ஒழுகாது. மாமியார் வைத்த குழம்பு சரியில்லை என்றால்கூட என் பெயர்தான் அடிபடுகிறது.

போன மாதம் எனக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவன் சேகர். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, மூட்டு நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்றார். சேகர் குனிந்து மிகவும் அக்கறையாகக் கேட்டான்:

"இந்தப் படத்த எடுத்தது ஒங்க ஆளுங்கதான டாக்டர்?"

ஆமாம், ஏன் என்றார் அவர்.

"அப்ப தேஞ்சிருக்கறது நெசந்தான்."