லாபம் சாரும் நூறு புள்ளியும்

காரைக்குடியில் நான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் பயங்கரமானவர் லாபம் சார்தான். அவர் யாரையும் அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவார். அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிற நான்தான் வாசலைத் தேடுவேன்.

அவருடைய நிஜப் பெயரை வங்கிக்காரர்கள் தவிர யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவர் அப்பா நெல் மண்டி வைத்திருந்தவர். மண்டியில் அளக்கும்போது 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் எண்ணுவார்கள். மண்டி போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினாலும் லாபம், ரெண்டு, மூணு. மாத்திரை எண்ணினாலும் அப்படித்தான். ஒருமுறை டாக்டர், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். "லாபந்தாங்க" என்றார் இவர். டாக்டர் அன்றைக்கு ஃபீஸைக் கூட்டி வாங்கிவிட்டார்.

ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கம்பெனி. நான் அங்கே சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள், ஒரு தெருக்காரர்கள், ஒரு ஆபீஸ்காரர்கள் என்று ஏதாவது ஒரு உறவில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அட்டையைக் காட்டி எங்களோடு சேர்ந்த கடைகளில் சாமான் வாங்கினால், கடைக்காரர் தன் லாபத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்குவார். அதில் பெரும்பகுதி அந்தக் கூட்டம் தேர்ந்தெடுத்த அறப்பணிக்குப் போகும். மிச்சம் எங்கள் கம்பெனிக்கு. வாங்குகிறவர் கையிலிருந்து தனியாக ஒரு காசும் போகாது.

காளையார்கோவில் பக்கம் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி ஒன்று இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து அந்தப் பிள்ளைகளை அழைத்து வரும் வேன், முழுக்க முழுக்க இந்த அட்டையில்தான் ஓடியது. கடைகள் விலகினால் வேன் நிற்கும். வேன் நின்றால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

கடைகளைப் பிடிப்பது என் வேலை. முதல் நாள் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு லாபம் சாரே கூட வந்தார். பள்ளிப் பிள்ளைகள் படம் போட்ட நோட்டீஸை நீட்டி, முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வணக்கங்க. நாங்க தர்ம ஸ்தாபனம் இல்லை. லாபத்துக்குத்தான் நடத்துறோம்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றுகிறவர்களை நான் எப்போதுமே நம்புவதில்லை. அடுத்து என்ன கழற்றுவார்களோ.

"வாய் பேசாத புள்ளைக பேரைச் சொல்லி நீங்க சம்பாதிக்கிறீகளா?"

"ஆமாங்க. நீங்க சேலை விக்கிறீக, நான் இதை விக்கிறேன். உங்களுக்கும் கடை வாடகை இருக்கு, எனக்கும் இருக்கு. ஒண்ணும் எடுத்துக்காமச் செய்றேன்னு சொன்னா நம்புவீகளா?"

வாசலுக்கு எத்தனை எட்டு என்று நான் அதற்குள் எண்ணி முடித்திருந்தேன். முதலாளி கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சேவை சேவைன்னு சொல்லிக்கிட்டு முந்தி ஒருத்தன் வந்தான். அவனை இன்னமும் தேடிக்கிட்டிருக்கோம். ஃபாரத்தைக் குடுங்க."

இப்படித்தான் கடைகள் சேர்ந்தன. ஒவ்வொரு கடையிலும் எனக்கு ஒரு மரண பயம், அவருக்கு ஒரு கையெழுத்து. நாளாக ஆக எனக்கும் தொழில் நுணுக்கங்கள் பிடிபட்டன. வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்துவேன். செருப்பை வெளிப்பக்கம் திருப்பி விடுவேன். காபி கொடுத்தால் பாதிதான் குடிப்பேன், ஓடும்போது குலுங்கக் கூடாதல்லவா.

நான் பயந்த இடங்களில் எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. பயப்படாமல் ஒரே ஒரு காரியம் செய்தேன். அதில் மாட்டினேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்காரர்களைப் பார்க்க லாபம் சார் கிளம்பினார். போகும்போது, "தம்பி, புது நோட்டீஸை நீயே எழுதிரு. அச்சுக்குக் குடுக்க முன்னாடி எங்கிட்ட ஒருவாட்டி காட்டு" என்றார். நான் காட்டவில்லை. அச்சடித்தே காட்டி அசத்தலாம் என்று நினைத்தேன்.

அட்டையில் வாங்க வாங்க 'பாயிண்ட்' சேரும், அதைக் காட்டினால் கடையில் சின்னத் தள்ளுபடி. நல்ல தமிழில் இருக்கட்டும் என்று நான் அதைப் 'புள்ளி' ஆக்கினேன். நான் மானாமதுரைப் பக்கத்து ஆள். எனக்குப் புள்ளி என்றால் கோலத்தில் வைப்பது. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் புள்ளி என்றால் வேறு. கல்யாணம் ஆனதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கோவில் பதிவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்துத்தான் கோவில் வரி, கோவில் மரியாதை எல்லாம். காரைக்குடியில் இத்தனை நாள் வேலை பார்த்தும் இது என் காதில் விழவே இல்லை. காது முழுக்க என் நெஞ்சு அடிக்கும் சத்தம்தான்.

என் நோட்டீஸ் சொன்னது இவ்வளவுதான். கல்யாணம் ஆகாதவர்களும் புள்ளி பெறலாம். ஒருவரே நூறு புள்ளி வரை சேர்க்கலாம். வேண்டாத புள்ளியை நண்பர்களுக்கு மாற்றித் தரலாம். பயன்படுத்தாத புள்ளி மார்ச் மாதத்தோடு காலாவதியாகும். கீழே தடித்த எழுத்தில் என் பெயர், என் செல் நம்பர்.

மறுநாள் காலையில் முதல் போன் கோட்டையூரிலிருந்து, ஓர் ஆச்சி.

"ஏந்தம்பி, எம்மகனுக்கு இன்னும் பொண்ணு அமையலை. நீங்க அவனுக்கும் புள்ளி போடுறீகளாமே?"

"ஆமாங்க ஆச்சி, தாராளமா போடலாம்."

"பொண்ணு நீங்களே பாத்துருவீகளா?"

எனக்குப் புரியவில்லை. அடுத்து ஒரு கனத்த குரல்.

"ஒருத்தனே நூறு புள்ளி சேக்கலாம்னு போட்டிருக்கியே. எத்தனை கல்யாணம்யா பண்ணச் சொல்ற?"

அதற்கடுத்து ஒரு பெரியவர், மிகவும் அமைதியாகப் பேசினார். அமைதியாகப் பேசுகிறவர்கள்தான் என்னை நடுங்க வைப்பார்கள்.

"நானும் எங்க வீட்டு ஆச்சியும் கல்யாணமாகி அம்பது வருஷமா ஒரு புள்ளி. மார்ச்சோட காலாவதின்னா என்னப்பா அர்த்தம்? வேண்டாட்டி சிநேகிதனுக்கு மாத்தித் தரலாம்னு வேற எழுதிருக்க. யாரை மாத்தித் தர? நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம். இரு."

மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் என் நோட்டீஸ் ஊரைச் சுற்றிவிட்டது. ஜவுளிக் கடை முதலாளி கூப்பிட்டார். "'இங்கே அட்டை செல்லும்'ங்கிற போர்டைக் கழட்டிட்டேன் தம்பி. நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்ற பெரியவுக சரின்னு சொன்னா மறுபடி மாட்டுறேன்." அவர் கழற்றியதும் மற்றக் கடைகளும் கழற்ற ஆரம்பித்தன. என் மனக்கண்ணில் காளையார்கோவில் வேன் ஓரமாக நின்றது. ஜன்னலோரப் பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

ஆத்தங்குடியிலிருந்து திரும்பிய லாபம் சார் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. "எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. என் கால் என்னைக் கேட்காமல் ஆபீஸ் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. மூச்சை அடக்கி நின்றேன். அந்தப் பக்கம் லாபம் சார் வந்தவர்களை எண்ணி நாற்காலி போடுவது கேட்டது. "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. உக்காருங்க."

"உக்கார வரலை. இதை எழுதினது யாரு?" அதே அமைதியான குரல்.

இந்த மனிதருக்குத்தான் பொய்யே வராதே. 'அச்சகத்தில் தப்பாப் போட்டுட்டாங்க' என்று ஒரு வார்த்தை, இந்த ஒருநாள் மட்டும் சொல்லக் கூடாதா என்று குழாயைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன்.

"நம்ம பையன் எழுதினாங்க. அந்தா, கக்கூசுக்குள்ள நிக்கிறான். பயந்த சுபாவம்."

முப்பத்தெட்டு வயதில் பையன் என்று சொல்லப்பட்டதற்கு வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"வெளிய வரச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேங்க." கதவருகே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவர் குரல் எனக்கு மிக அருகில் கேட்டது. கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. "இது என் கம்பெனி. இதுல வர்ற லாபம் என்னுது. அதுல இவனுக்கு நான் பங்கு குடுக்கலை, சம்பளம்தான் குடுக்கிறேன். லாபத்துல பங்கு குடுக்காதவன், தப்புல மட்டும் எப்படிங்க பங்கு குடுக்கிறது? என்ன கேக்கணுமோ என்னைய கேளுங்க. பள்ளிக்கூட வேன் மட்டும் நிக்காமப் பாத்துக்கங்க, அந்தப் புள்ளைகளும் இந்தத் தப்புல பங்கு இல்லாதவுகதான்."

கழிவறைக் குழாய் சொட்டியது. நான் அதை எண்ணினேன்.

"உங்களுக்குக் கோவமே வரலையா?" என்று பெரியவர் கேட்டார்.

"வந்துச்சு. அவன் முகத்தைப் பாத்தேன், ஏற்கெனவே செத்துட்டான். அதுக்கு மேல என்ன பண்ண?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அந்த அமைதியான குரலே சிரித்தது. "புள்ளிங்கிறதை எடுத்துட்டு மார்க்குன்னு போடுங்க. ஜவுளிக் கடையில நான் சொல்லிக்கிறேன். அட்டை ஒண்ணு எங்களுக்கும் குடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு போதும், நாங்க ஒரு புள்ளிதான்."

இப்போது நான் வெளியே வந்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே வந்து போட்ட வேகத்தில் அதை வளைத்தே விட்டிருந்தேன். கீழே ஹார்டுவேர் கடையிலிருந்து ஸ்குரூ டிரைவர் வரவழைத்து, என்னை உதைக்க வந்த ஐந்து பேரும் சேர்ந்து கதவைக் கழற்றி என்னை மீட்டார்கள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க ஐயா."

"தாழ்ப்பாளையே சமாளிக்க முடியலை, எப்படிய்யா குடும்பம் நடத்துற?"

சாயங்காலம் ஜவுளிக் கடையில் போர்டு திரும்ப ஏறியது. வேன் ஒருநாள்கூட நிற்கவில்லை. லாபம் சார் என் சம்பளத்தில் தாழ்ப்பாளுக்கான காசைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுது. தாழ்ப்பாளை வளைச்சது நீ" என்றார்.

இப்போது நான் மதுரையில் வேறு வேலையில் இருக்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரைக்குக் காத்திருக்கும் நேரங்களில், நான் மாட்டிக்கொண்டு நின்றபோது கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பேன்.

லாபம். ரெண்டு இன்னும் வரவில்லை.