மாவ்பி இறக்கத்தில் ஞானசுந்தரம்

“காத்து ஏறிடுச்சா?” என்று கேட்டார் பீர் முகைதீன்.

“ஏறிக்கிட்டே இருக்கு, சயா. அறுபது... எழுபது... எண்பதத் தொட்டாச்சு.”

“தொடாம வண்டிய நகத்தினா?”

“பிரேக்கு நம்ம பேச்சக் கேக்காது.”

“சரி, எடுங்கண்ணே.”

வாத்தியாருக்கு வயது இருபத்தெட்டு, மாணவருக்கு நாற்பத்தாறு. ஆகவே இவர் அவரை ‘சயா’ என்று வாத்தியாருக்குரிய மரியாதையோடும், அவர் இவரை ‘அண்ணே’ என்று வயதுக்குரிய மரியாதையோடும் அழைக்க, லாரி வகுப்பு நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்தது.

ஞானசுந்தரம் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் இருபது வருஷம் கடிதம் தட்டச்சு செய்தவர். கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அவரை எடுத்துக்கொள்ளவில்லை. காற்று பிரேக் வைத்த புது லாரிகளுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். இன்று மாலை பீர் முகைதீன் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் லைசென்ஸ் பரீட்சை. இல்லையென்றால் வேலையற்ற இந்தியர்களை ஏற்றிப்போகும் மதராஸ் கப்பல்தான். அவரும் மனைவி விக்டோரியாவும் ரங்கூன் தாமுவே பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள். மதராஸில் ஒரு நாய்க்குக்கூட அவர்களைத் தெரியாது.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், மனிதர் வேறு உலகத்துக்குப் போய்விடுவார். இன்சீன் ஊர் பின்னால் போனது. மாவ்பி சாலையின் இரண்டு பக்கமும் ஈர வயல், அதன்மேல் மெல்லிய பனி. கொக்குகள் பறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. வரப்போரத்தில் விக்டோரியா நின்று கையாட்டினாள். காலையில் தாமுவே வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் இங்கே எப்படி வந்தாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெருமையாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“எறக்கம் வருது” என்றார் பீர் முகைதீன்.

இறக்கம் வந்தது. ஞானசுந்தரம் சாவியைத் திருப்பினார்.

“அண்ணே, என்ன செஞ்சீங்க?”

“இஞ்சின நிறுத்திட்டேன், சயா. எறக்கத்துல எண்ணெ மிச்சம்.”

எண்ணெய் பங்கீட்டில் கிடைக்கிற காலம். இறக்கத்தைக் கண்டால் இஞ்சினை அணைப்பது ஊரிலுள்ள டிரைவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன சிக்கனம்.

“இஞ்சின் ஓடுனாத்தானே காத்து ஏறும்?”

“இருக்கிற காத்தே போதும், சயா. சமாளிச்சிடலாம்.”

பீர் முகைதீன் அவரை ஒரு பார்வை பார்த்தார். “மழை” என்றார்.

மழை கொட்டியது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஞானசுந்தரம் கண்ணாடி துடைப்பானைப் போட்டார்.

“துடைப்பானுக்கும் அதே காத்துதான். முள்ளு அறுபதுக்கு வந்திடுச்சு. எருமை!”

நட்டநடுச் சாலையில் எருமை. ஞானசுந்தரம் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

“ஹாரனுக்கும் அதே காத்து. நாப்பது.”

எருமை திரும்பிப் பார்த்தது. அதற்கு இதில் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஞானசுந்தரம் பதறிப்போய்ப் பிரேக்கை மிதி மிதி என்று மிதித்தார்.

“அய்யோ! ஒரு மிதிக்கு ஒரு பங்கு காத்து போகும். ஒரே அழுத்தா அழுத்திப் பிடிக்கச் சொன்னேனே! என்ன, தையல் மெஷினா ஓட்டுறீங்க?”

“முள்ளு எங்க நிக்குது, சயா?”

“படுத்திடுச்சு.”

“இஞ்சினப் போடுறேன்!”

“பேட்டரி போயிடுச்சு.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

“எடது பக்கம் ஒடிச்சிடறேன்!”

“எடது பக்கம் குளம்.”

“வலது பக்கம்?”

பீர் முகைதீன் சற்று யோசித்தார். “அங்கயும் குளம்தான்.”

“யேசுவே!” என்று ஞானசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கமே திருப்பினார்.

தண்ணீருக்குள் எல்லாம் பச்சையாக, அமைதியாக இருந்தது. தாமரைத் தண்டுகள் மெல்ல ஆடின. ஒரு கெண்டை வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. கரையில் விக்டோரியா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் புறப்பட்டு நின்றாள். இந்த முறை அவள் கையாட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பீர் முகைதீன் நோட்டைத் திறந்து ஒரு கோடு இழுத்தார். “பேர அடிச்சிட்டேண்ணே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. குளத்துக்குள்ள கெடக்கிற ஆள எப்படிப் பரீட்சைக்கு அனுப்புறது?”

“இன்னும் ஒரே ஒரு தரம், சயா...”

“சாயங்காலத்துக்குள்ள பேரு குடுத்தாகணும்.”

ஞானசுந்தரம் நாற்பத்தாறு வயதையும் மறந்து விசும்பி அழுதார். பீர் முகைதீனும் மூக்கைச் சிந்தினார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

டீக்கடை சைதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

“எதுக்குண்ணே அழுவுறீங்க? லாரி ஏத்திட்டு வர்ற கப்பலே அடுத்த மாசம்தான் வருதாம், பரீட்சையும் அப்பத்தானாம், ஹார்பர்லேருந்து இப்பத்தான் சேதி வந்திச்சு. நாளைக்கு வந்து மறுபடி ஓட்டிக்கங்க, இப்ப ஸ்டியரிங்குன்னு புடிச்சிருக்கிற என் தட்டக் குடுத்திட்டு ரெண்டு பேரும் பெஞ்ச விட்டு எந்திரிங்க, டீ குடிக்க ஆளுங்க நிக்கிறாங்க!”