விரால் கூட்டுக்குச் சாட்சி சொல்லப் போனேன்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எங்கு வேண்டுமானாலும் நின்று பேசலாம், ஏரிக்கரையில் மட்டும் கூடாது. நான் பேசினேன்.

மைசூரில் எங்கள் லேஅவுட்டை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. காலையில் நானும் என் கணவரும் அங்கே நடப்போம். (அவர் நடப்பார், பேசுவார். நான் நடப்பேன்.) மழை தொடங்கிய சமயம், கிழக்கு மூலையில் கோரைப்புல்லுக்கு நடுவே ஒரு வட்டம் தெரிந்தது. விரால் மீன் புல்லைக் கடித்து ஒதுக்கி, உள்ளே மஞ்சள் முட்டைகளை மிதக்க விட்டிருந்தது. போன மழைக்கும் இதே இடம்தான். இவ்வளவு பெரிய ஏரியில் ஏன் இந்த மூலை? ஆழம் குறைவு, அலை அடிக்காது, சாக்கடை வந்து விழும் பக்கமும் இல்லை, ஒளிந்துகொள்ளப் புல் உண்டு. வாடகைக்கு வீடு தேடும்போது நானும் ஏறக்குறைய இதையெல்லாம்தான் பார்த்தேன்.

அந்த மூலையில்தான் மறுநாள் ஜேசிபி விட்டுப் புல்லை வழித்து, படிக்கட்டு கட்டுவதாக இருந்தார் எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் ராமண்ணா. என் கணவர் அவரிடம் கூட்டைப் பற்றிச் சொல்லி, "எங்க வீட்ல காட்டுவாங்க" என்றும் சேர்த்துவிட்டார். ராமண்ணா ஒரு கூட்டத்தோடு வந்து நின்று, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏனம்மா, மீனு கூடு கட்டுதா? அது என்ன காக்காவா?"

யாராவது என்னை நேராகப் பார்த்தால் ஓரடி பின்னால் நகர்வது என் வழக்கம். நகர்ந்தேன்.

"இல்ல சார்... புல்லுக்குள்ள..."

"ஸ்வல்ப ஜோரா சொல்லுங்கம்மா, கேக்கல!"

மறுபடி நகர்ந்தேன்.

"ஏ, பின்னாடி தண்ணி!" என்று கத்தினார் என் கணவர். இப்போது அவரும் சேர்ந்து பார்த்தாரே, இன்னும் ஓரடி நகர்ந்தேன்.

அதற்கப்புறம் கரை இல்லை.

நல்லவேளை, கூட்டின் மேல் விழவில்லை, பக்கத்தில்தான். ஆனால் காவலுக்கு நின்ற விராலுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. என் கெண்டைக்காலில் வந்து முட்டியது. விலகிப் போய், திரும்பி வந்து மறுபடி முட்டியது.

"ஐயோ, இதோ வந்துட்டான் அப்பன்காரன்! கூடு இங்கதான் இருக்கு, எல்லாரும் பாருங்க!"

பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எதிர்க்கரையில் யோகா செய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ராமண்ணா குனிந்து வட்டத்தைப் பார்த்தார், முட்டைகளைப் பார்த்தார், முறைத்துக்கொண்டு நின்ற மீனையும் பார்த்தார்.

"எழுந்து வாங்கம்மா. வீட்டு ஓனர் ரொம்பக் கோபமா இருக்காரு." பிறகு ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு பேடப்பா, வர வேண்டாம். படிக்கட்ட அந்தப் பக்கம் மாத்திக்கலாம்."

படிக்கட்டு மேற்குக் கரைக்குப் போனது. கிழக்கே கோரை இன்னும் அடர்த்தியாக நிற்கிறது. ஏரிக்கு நடக்க வருபவர்கள் அதற்குக் கன்னடத்தில் 'அக்கா விழுந்த மூலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் என் கணவர் விடமாட்டார். "மைசூர்ல மகாராஜாக்கள் பேர்ல ரோடு இருக்கு, சர்க்கிள் இருக்கு. எங்க வீட்டம்மா பேர்ல ஒரு மூலை இருக்கு, வாங்க காட்டறேன்" என்று கிளப்பிவிடுவார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் நடந்து வழி காட்டுவேன்.