பிளக்கில் மாட்டினால் தெரியும் தோஷம்

கோவில்பட்டிக்கு ஜலசித்தர் வந்து இறங்கிய அன்று எட்டயபுரம் சாலையில் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. கூட்டம் அப்படி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த ஒருவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் தாடி வளர்ந்துவிட்டதாகவும், பெண்டாட்டி அடையாளம் தெரியாமல் பிச்சை போட்டு அனுப்பிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். சந்தேகப்படுகிறவர்கள் அந்த ஆளையே விசாரிக்கலாம். விளாத்திகுளம் பக்கம்தான்.

சித்தர் தங்கிய கல்யாண மண்டபத்தின் வாசலில் தமிழ்நாட்டுப் படம் போட்ட பிளக்ஸ் பேனர். எந்த நகரத்துக் குழாய்த் தண்ணீருக்கு என்ன தோஷம் என்று அதில் எழுதியிருந்தது. சென்னைக்குப் பிரேத தோஷம். மதுரைக்குப் பங்காளி சாபம். திருச்சிக்கு நாகதோஷம். கோயம்புத்தூருக்கு லேசான கண் திருஷ்டி மட்டும். அங்கே காணிக்கை தாராளமாக விழுந்திருக்கும் போலிருக்கிறது. கோவில்பட்டிக்குச் சிவப்பு எழுத்தில் ஸ்திரீ தோஷம்.

தோஷம் பார்க்கும் முறை சுலபம். ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஒயர் போட்டு இரண்டு ஜோடி இரும்பு வேல். ஒரு ஜோடியை பக்தர் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரில் நிறுத்துவார். இன்னொரு ஜோடி, பொதிகை மலை உச்சிச் சுனையிலிருந்து எடுத்த தீர்த்தத்தில் நிற்கும். கண்ணை மூடி மந்திரம் சொல்வார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் நுரைத்து, பச்சையாகி, பழுப்பாகி, சாக்கடையாகிவிடும். தீர்த்தம் மட்டும் பளிங்காக நிற்கும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தீர்த்தம் பாட்டில் பாட்டிலாகப் போகும். பெட்டியின் மறுமுனை பிளக்கில் மாட்டியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கரண்ட் போன நேரத்தில் எந்தத் தண்ணீருக்கும் தோஷம் இல்லாமல் போனதையும் பார்த்தார்கள். பார்ப்பது வேறு, யோசிப்பது வேறு அல்லவா?

சில நாள் கழித்து, பலசரக்குக் கடை ஆறுமுகசாமி அந்தக் கூட்டத்தில் வேர்வையில் சட்டை பிழியப் பிழிய நின்றார். அவருக்குச் சாமியிடம் பயம் உண்டு. மனைவி பத்திரகாளியிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பத்திரகாளி ஒரு கையில் குழாய்த் தண்ணீர்ச் செம்பையும் மறுகையில் மருமகள் சத்யபிரியாவையும் பிடித்திருந்தாள். செம்பைத்தான் கொஞ்சம் பதனமாகப் பிடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். மகன் விஜயராஜுக்குப் புதூரில் பெண்ணெடுத்தார்கள். வந்த மருமகள் முதல் குடம் நல்லதண்ணீர் பிடித்து அடுப்படியில் வைப்பது அவர்கள் வழக்கம். சத்யபிரியாவும் பிடித்து வைத்தாள். சில நாளுக்கு ஒரு முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அந்த முறை வந்த தண்ணீரில் வாடை அடித்தது. தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. டாக்டர், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். அது தெருவுக்குச் சப்பென்று இருந்தது. குடம் பிடித்தவள் யார் என்ற ஆராய்ச்சிதான் ருசியாக இருந்தது.

செம்புத் தண்ணீர் பழுப்பானதும் சித்தர் கண்ணைத் திறந்தார்.

"முதல் குடம் எடுத்தவள் இவள்தானே?"

"ஆமா சாமி."

"இவள் உன் வீட்டில் இருக்கும்வரை குழாயில் விஷம்தான் வரும். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு. தண்ணீர் தெளிந்தால் கூப்பிட்டுக்கொள்."

தண்ணீர் எப்போது தெளியும் என்று யாரும் கேட்கவில்லை. விஜயராஜ் தரையில் ஏதோ தொலைத்தவன்போல் குனிந்துகொண்டான். ஆறுமுகசாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கடைக்குத் தினமும் சூடாகச் சோறு கொண்டுவருகிற பிள்ளை. வாயைத் திறந்தார். பத்திரகாளி திரும்பிப் பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டதாக முடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் புதூர் பஸ்ஸுக்கு இவள ஏத்திவிடுங்க" என்றாள் பத்திரகாளி.

"அத்தை, நான் என்ன செஞ்சேன்? குடம்தான புடிச்சேன்?"

"அதத்தான சாமியும் சொல்லுதாவ."

சொல்லிவிட்டுப் பத்திரகாளி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அம்மனுக்குப் போடுகிற உப்பும் மிளகும் அதில் இருந்தன. கல்லுப்பு கரைகிற மாதிரி கஷ்டம் கரையவேண்டும் என்று தண்ணீரில் போட்டு வேண்டிக்கொள்வது அந்தச் சீமையில் எல்லா வீட்டிலும் உள்ளது. கோயிலில் போடலாம், குளத்தில் போடலாம். எதிரே பொதிகைத் தீர்த்தமே இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும்? கண்ணை மூடி, சித்தர் கை நீட்டித் தடுப்பதற்குள், ஒரு கை உப்பை வேல் நிற்கிற தீர்த்தத்திலேயே போட்டுவிட்டாள்.

தீர்த்தம் நுரைத்தது. பச்சையானது. பழுப்பானது.

மண்டபமே எட்டிப் பார்த்தது. பத்திரகாளி கண் திறந்து பார்த்து, தன் கையைத்தான் பார்த்தாள்.

"இந்தப் பெண்ணின் நிழல் தீர்த்தத்தில் விழுந்துவிட்டது" என்றார் சித்தர், சட்டென்று.

"அப்படியா சாமி? நான் ரோட்டுக்குப் போயிருதேன். நிழலையும் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள் சத்யபிரியா. "நீங்க புதுத் தீர்த்தம் ஊத்தி, உங்க கையாலயே உப்புப் போடுங்க. தெளிவா நின்னா நான் அப்படியே பஸ் ஏறிருதேன்."

"தீர்த்தத்தில் உப்புப் போடக் கூடாது."

"ஏன் சாமி? அம்மனுக்கே போடுதோமே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சித்தர் வேறு வழியில்லாமல் புதுத் தீர்த்தம் ஊற்றி, வேல்களை அதில் நிறுத்தினார்.

சத்யபிரியா போய் ரோட்டின் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றாள். சித்தர் உப்பை நாலே கல்லாகக் கிள்ளிப் போட்டார். கூட்டத்துக்கு அது போதவில்லை. இன்னும் போடச் சொன்னது. போட்டார். சித்தர் கை பட்ட தீர்த்தம் பத்திரகாளி கை பட்டதைவிடக் கறுப்பாக வந்தது.

"சாமிக்கும் ஸ்திரீ தோஷம் இருக்கும்போல" என்றான் ஆட்டோ ஓட்டுகிற செல்லத்துரை.

அப்போதுதான் ஆறுமுகசாமி, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். நடந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். வேல்களைத் துடைத்து, மிச்சமிருந்த குழாய்த் தண்ணீரை வேறு டம்ளரில் ஊற்றி, உள்ளே நிறுத்தினார்.

"இப்ப மந்திரம் சொல்லுங்க சாமி."

சித்தர் சொன்னார். பாதி மந்திரம் மறந்துவிட்டது. மொத்த மண்டபமும் டம்ளரையே பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வந்த சத்யபிரியா இரும்பு வேல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். தண்ணீரில் மூழ்கிய பாதி ஈர்க்குச்சியாக அரித்திருந்தது.

"நம்ம குழாய்த் தண்ணியில கொஞ்சம் உப்பு உண்டு. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும் மாமா. கரண்ட் பாஞ்சா இரும்பு கரையும். பழுப்பா வந்தது நம்ம தண்ணியும் இல்ல, என் தோஷமும் இல்ல, இவிய வேலுதான். தீர்த்தத்துல உப்பே கெடையாது, அதான் சும்மா நின்னுச்சு."

சித்தருக்குத் திடீரென்று தியான நேரம் வந்தது. வேனுக்கு ஓடினார். அதற்குள் செல்லத்துரை பின்கதவைத் திறந்துவிட்டான். உள்ளே கேன் கேனாக அடுக்கியிருந்தது.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இது உப்பெல்லாம் எடுத்துட்டு எங்க ஆட்டோ பேட்டரிக்கு ஊத்துத தண்ணில்லா."

நாள் கணக்காகப் பேட்டரித் தண்ணீர் குடித்த பக்தர்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் தனக்கு அதைக் குடித்ததிலிருந்து சுறுசுறுப்பாக இருந்தது என்றார். போலீஸ் வந்தது. ஜீப்பில் ஏறும்போது சித்தருக்குத் தாகமெடுத்தது. யாரோ குழாய்த் தண்ணீரை நீட்டினார்கள். வேண்டாம், வாடை அடிக்கிறது என்றார். அவர் அந்த ஊரில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

புதூர் பஸ் சத்யபிரியா இல்லாமல் போனது. மறுநாள் அவள் சுத்தமான பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து, சாக்கடை கலந்திருக்கிறதா என்று சோதனைக்குக் கொடுக்கக் கிளம்பினாள். கூட வரும்படி தெருவைக் கூப்பிட்டாள். சித்தருக்காகப் பஸ்ஸை மறித்த அத்தனை கூட்டத்திலிருந்து ஆறுமுகசாமியும் செல்லத்துரையும் மட்டும் வந்தார்கள். விஜயராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பத்திரகாளியும் வாசல்வரை வந்தாள். வந்து, வானத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறு பிள்ள. ராகுகாலம் முடியட்டும்."

சத்யபிரியா பாட்டிலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"சாக்கடை ராகுகாலம் பாத்தா அத்தை நம்ம குழாய்க்குள்ள வருது? தண்ணி தொறந்து விடுததுக்குத்தான் முறை வச்சிருக்காவ. மூளையத் தொறக்க எவரும் முறை வைக்கல்லியே. எறங்கி வாங்க."